'சல்லி' படம்: அந்த 35 நொடியைப் பசங்களுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி (தருமபுரி):
நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் விமானம் இறங்கிய 'சல்லி' (2016) படத்தை ஞாயித்துக்கிழமை இங்க பாலிடெக்னிக் பசங்களுக்குப் போடுறோம். 96 நிமிஷம்தான், பேச நேரம் இருக்கு. ரெண்டு கேள்வி கட்டாயம் வரும். கிளம்பின இடத்துக்கே ஏன் திரும்பலை? விசாரணைக் குழு நிஜத்திலும் விமானி சல்லன்பெர்கரைப் படத்துல வர்ற மாதிரிதான் மடக்குச்சா?

பதில் 1 (ஓசூர்):
முதல்ல உயரத்தைப் புரிய வைங்க. 2009 ஜனவரி 15, கனடா வாத்துக் கூட்டம் மோதி ரெண்டு இன்ஜினும் செயலிழந்தப்போ விமானம் சுமார் 2,800 அடியில, அதாவது 850 மீட்டர்ல இருந்தது. அந்த ஏர்பஸ் ஏ320 ரக விமானம் இன்ஜின் இல்லாம நேரா மிதந்தா, உயரத்தைப் போல சுமார் 17 மடங்கு தூரம் போகும். 14 கிலோமீட்டர்னு வைங்க, கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் தாண்டுற தூரம். ஆனா அது நேர்கோட்டுக் கணக்கு. திரும்பணும்னா இறக்கையைச் சாய்க்கணும், சாய்ச்சா உயரம் வேகமா கரையும். மோதினதுல இருந்து தண்ணியைத் தொட மொத்தமே 208 நொடி.

பதில் 2 (பர்கூர்):
இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ண முடியலையான்னும் கேப்பாங்க. அணைஞ்ச அடுப்புன்னா பத்தவைக்கலாம். இங்க உள்ளே கம்ப்ரசர் தகடுகளே ஒடிஞ்சு போச்சு. ஒவ்வொரு வாத்தும் மூணரை கிலோ சொச்சம்.

பசங்க கவனிக்க வேண்டியது ஏபியு, வால்ல இருக்கிற சின்னத் துணை இன்ஜின். இன்ஜின் நின்னா விமானிகள் வரிசையா செய்ய வேண்டிய செக்லிஸ்ட்ல அது ரொம்பப் பின்னாடிதான் வரும். சல்லன்பெர்கர் அதை முன்கூட்டியே ஓட விட்டார். அதனால மின்சாரம் நிக்கலை, கட்டுப்பாட்டுக் கணினிகளும் முழுசா வேலை செஞ்சது. அந்த செக்லிஸ்ட்டே 20,000 அடிக்கு மேல நடக்கிற கோளாறை மனசுல வச்சு எழுதினது. மூணு பக்கத்துல மூணில் ஒரு பங்குதான் முடிக்க முடிஞ்சது.

பதில் 3 (ஓசூர்):
விசாரணை விஷயத்துல படம் நியாயமா இல்லைங்க. விசாரிச்ச அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வில்லன் இல்லை. சிமுலேட்டர்ல, அதாவது விமானம் ஓட்டுறதைப் போலவே செஞ்சு பார்க்கிற கருவியில, உடனே திரும்பினப்போ சில தடவை ஓடுபாதையை எட்டினாங்க, உண்மைதான். விமானிகள் நிலைமையைப் புரிஞ்சு முடிவெடுக்க ஆகிற 35 நொடி தாமதம் சேர்த்து ஓட்டிப் பார்த்ததும் அதே வாரியம்தான். அதுல எட்ட முடியலை. ஆத்துல இறக்கினதுதான் உயிர் பிழைக்க அதிக வாய்ப்பு தந்த முடிவுன்னு அறிக்கையிலேயே எழுதினாங்க. 155 பேரும் பிழைச்சாங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. படத்தை எங்க நிறுத்தட்டும்?

பதில் 2:
விசாரணை அறையில சிமுலேட்டர் ஓடத் தொடங்கும்போது நிறுத்துங்க. ஸ்டாப்வாட்சை 35 நொடி ஓட விடுங்க. அதுக்குள்ள இன்ஜின் அளவீடுகளைப் பார்க்கணும், ஏபியு போடணும், துணை விமானி கையிலிருந்து விமானத்தை வாங்கணும், செக்லிஸ்ட் எடுக்கச் சொல்லணும், கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்லணும். ஒவ்வொண்ணையும் ஒரு பையனை விட்டு வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க.