கண்மாயில் ஈயக் குண்டுகள்: இறந்த வாத்துகளைப் பரிசோதிக்க வழி உண்டா?

சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வலசை வரும் நீலச்சிறகி வாத்துகளை, மார்கழி தொடங்கியதிலிருந்து சிலர் விடியுமுன் நாட்டுத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். அதைவிட என்னை உறுத்துவது, குறி தவறிச் சேற்றில் தங்கும் ஈயக் குண்டுகளை, இரை அரைக்க உதவும் பருக்கைக் கல்லென்று வாத்துகள் விழுங்கிவிடுவதுதான். குண்டுக் காயமே இல்லாத பறவைகள் சிறகு தொங்கி, பச்சையாக எச்சமிட்டு, கரையோரக் கருவேலத்தடியில் கிடக்கின்றன.

ஊர்க்கூட்டத்தில் பேசினோம், சுட்டுக் கொன்ற பறவையின் கறியிலும் ஈயம் இருக்கும் என்றதற்குச் சிரித்தார்கள். மனுவும் கொடுத்தோம், ரோந்து வந்த அன்று யாரும் சிக்கவில்லை. ஆய்வகச் சோதனை இல்லாமல் ஈய நஞ்சு என்று எழுதித்தர இயலாது என்கிறார் கால்நடை மருத்துவர். செத்த பறவையை அனுமதியின்றி நாங்களே எடுத்துச் செல்வதும் சட்டச் சிக்கலாகும்.

பறவையின் கல்லீரலில் ஈயத்தின் அளவைச் சோதிக்கும் ஆய்வகம் தமிழ்நாட்டில் எங்கே உள்ளது, அதற்கு மாதிரி அனுப்பும் முறை என்ன?