பார்வையில்லாத மனைவி, சக்கர நாற்காலியில் கணவர்: தத்தெடுக்க வீட்டாய்வுக்கு எப்படித் தயாராவது?

அரசலாறு:
கும்பகோணம் பக்கத்துக் கிராமம். கணவருக்கு 38 வயது, போலியோ, சக்கர நாற்காலி. மனைவிக்கு 35, முழுப் பார்வையின்மை. கல்யாணமாகி நாலு வருஷம். ரெண்டு வயசுக்குள்ள ஒரு குழந்தையைத் தத்தெடுக்க, மத்திய அரசோட தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் தளத்தில் பதியப் போறாங்க. ஊனச் சதவீதத்தைப் பார்த்ததுமே தள்ளிடுவாங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. உண்மையா? டாக்டர் சான்றில் என்ன இருக்கணும்? வீட்டை ஒட்டியே வாய்க்கால் போகுது, அதுக்கு என்ன செய்யணும்?

குடமுருட்டி:
தடை இல்லை. 2022 தத்தெடுப்பு விதிமுறைகள் இதில் முக்கியமாகக் கேட்பது, உடல், மனம், பணம் மூன்றிலும் குழந்தையை வளர்க்கும் திறனும், உயிருக்கு ஆபத்தான நோய் இல்லாததும்தான். இருவர் வயதும் சேர்ந்து 73. ரெண்டு வயசுக்குள்ள குழந்தைக்கு உச்சவரம்பு 85. கல்யாணமாகி ரெண்டு வருஷமும் தாண்டியாச்சு.

பல விண்ணப்பங்கள் சிக்குவது மருத்துவச் சான்றில். டாக்டர் அடையாள அட்டையில் உள்ள சதவீதத்தை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். 80 சதவீதம் என்பது கால்தசையின் கணக்கு. குழந்தையைக் குளிப்பாட்ட முடியுமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. அதனால் சான்றில் மூன்று வாக்கியம் கேட்டு வாங்குங்கள்: குறைபாடு இன்னது, அது நிலையானது, மேலும் முற்றுவதில்லை; உயிருக்கு ஆபத்தான நோயோ தொற்றுநோயோ இல்லை; குழந்தையை வளர்க்கத் தகுதியுள்ளவர். இருவருக்கும் தனித்தனிச் சான்று.

பதிவு செய்ய மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உதவுவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதும் வீட்டாய்வில் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு உண்டு.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் தளத்தில் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். அறிக்கை ஸ்கேன் செய்த தாளாக வந்தால், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் அதைப் பெரும்பாலும் படிக்காது. யார் வாசித்துக் காட்டுவார், எந்தக் குழந்தை மருத்துவரிடம் காட்டுவீர்கள் என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

வெண்ணாறு:
அம்மா பக்கத்து வேலைகளைச் சொல்றேன். ஆய்வுக்கு வர்றவங்க கேக்கறது “உங்களால முடியுமா”ன்னு இருந்தாலும், நீங்க “எப்படி”ன்னு செஞ்சே காட்டணும்.

மருந்து: ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி, பார்வையுள்ள ஒருத்தரை வச்சு டாக்டர் சொன்ன அளவு வரை இழுத்து, உள்தண்டு வெளியே வர்ற இடத்துல பிளேடால சின்ன வெட்டுப் போடுங்க. அடுத்த தடவை வெட்டு விரலுக்குத் தட்டுற வரை இழுத்தாப் போதும். குழந்தை எடை கூடி அளவு மாறினா பழைய சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுடணும், அடையாளம் வச்சு ரெண்டையும் வச்சுக்க வேண்டாம். காய்ச்சல் மருந்துல பெரிய ஆபத்து வேற. பாராசிட்டமால் சொட்டு மருந்துல பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 மி.கி., சாதா சிரப்புல 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. நாலு மடங்கு வித்தியாசம்! வீட்டுல ஒரே வகைதான் இருக்கணும்.

பவுடர் பால்: தண்ணிதான் முதல்ல, பவுடர் அப்புறம். மாத்திப் போட்டா பால் கெட்டியாகி வயித்தைக் கெடுக்கும். கரண்டியைக் கத்தி முதுகால மட்டம் தட்டுங்க.

தவழ ஆரம்பிச்சதும் சலங்கைக் கொலுசு போடுங்க. ஆனா மணி நல்லாப் பத்த வச்சதா பாத்து வாங்குங்க, கழண்டா வாய்க்குத்தான் போகும். சத்தம் நின்னா உடனே கிட்டப் போயிடணும். வெளியே போக, குழந்தையை முன்னால துணியால கட்டிக்கிட்டு ஒரு கையில கோல். தள்ளுவண்டின்னா பின்னால இழுத்துட்டுப் போங்க. தள்ளினா, கோல் பள்ளத்தைத் தொடறதுக்கு முன்னால வண்டி பள்ளத்துல இறங்கிடும்.

தோல்ல தடிப்பு, மலத்தோட நிறம் இதெல்லாம் கையால தெரியாது. கேமராவுல காட்டினா பார்வையுள்ளவங்க பாத்துச் சொல்ற பீ மை ஐஸ் செயலி, பக்கத்து வீட்டு அக்கா, கிராம சுகாதார செவிலியர்னு பேர் எழுதி வச்சிருங்க. ஆனா “பாட்டிதான் வளர்ப்பாங்க”ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உதவி இந்த இந்த வேலைக்கு மட்டும், பெத்தவங்க நாங்கதான்னு தெளிவா இருக்கணும்.

மண்ணியாறு:
நாற்காலிக்கு: தொட்டிலின் பக்கக் கதவு திறப்பதாக இருக்கட்டும், அடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ. இடைவெளி. தூளி என்றால் 5 கிலோ அரிசி மூட்டையைப் போட்டுத் தொய்ந்த பிறகு உயரம் அளக்கணும். குழந்தை புரள ஆரம்பித்ததும் தூளியை எடுத்துவிடுங்கள். குழந்தையைத் தூக்குமுன் இரண்டு பிரேக்கும் போட்டு, முன்சக்கரம் முன்னோக்கி இருக்கணும். குழந்தையை அப்பாவின் இடுப்போடு துணியால் கட்டலாம், நாற்காலியோடு கட்டவே கூடாது. நாற்காலி சாய்ந்தால் பிள்ளையும் அதோடு போகும்.

சாய்தளம் 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். வெள்ளத்துக்குப் பயந்து நம்ம பக்கம் அடிமட்டத்தை உயர்த்திக் கட்டுகிறோம், 60 செ.மீ. உயரத்துக்கு 7.2 மீட்டர் நீளம் வேண்டும். இடம் பத்தவில்லை என்று 3 மீட்டரில் முடித்தால் மடியில் குழந்தையோடு இறங்கும்போது முன்னால் சறுக்கும். வளைத்து, நடுவில் தட்டை இடம் விட்டுக் கட்டுங்கள்.

வாய்க்கால்தான் எனக்குக் கவலை. மே மாதம் ஆய்வுக்கு வந்தால் வறண்டு கிடக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து, நம்ம வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும்போது நடை பழகும் பிள்ளை கொல்லையில் இருக்கும். 120 செ.மீ. உயர வேலி, செங்குத்துக் கம்பிகள், இடைவெளி 10 செ.மீ.க்குள். குறுக்குக் கம்பி வைத்தால் ஏணியாகிவிடும். கதவு தானாக மூடணும், தாழ்ப்பாள் உட்புறம் 110 செ.மீ. உயரத்தில்: நாற்காலியிலிருந்து கை எட்டும், பிள்ளைக்கு எட்டாது. கிணற்றுக்குக் கம்பி மூடி. அண்டா, வாளி எல்லாம் கவிழ்த்தே இருக்கட்டும். அரை வாளித் தண்ணீர் போதும் குழந்தை மூழ்க.

அரசலாறு:
ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை இருக்கு, நேரா வாங்கிக்கலாம்னு ஒருத்தர் சொல்றார்.

குடமுருட்டி:
வேண்டவே வேண்டாம். நடைமுறையை மீறித் தத்தெடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 80-ஆம் பிரிவில் 3 வருஷம் வரை சிறை. பணம் கைமாறினால் 81-ஆம் பிரிவில் 5 வருஷம் வரை. குழந்தையையும் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழந்தைக்காக 1098-க்குத் தகவல் சொல்லுங்கள், பதிவை இந்த வாரமே முடியுங்கள். வரிசையில் உங்கள் இடம் பதிவு தேதியை வைத்துத்தான்.