“நாலு நாள் ஏசி இல்லாததற்கு ஒப்பாரியா?” என்று எழுதியவருக்கு: ட்ரையம்ப் கப்பலில் அது ஐந்து நாள்

கயல்_மதுரை | காலை 9.10

நேற்று துறைமுகம் பற்றிய இழையில் பழைய_சீஃப் அண்ணாச்சி எழுதியதை அப்படியே போடுகிறேன். “2013இல் கார்னிவல் ட்ரையம்ப் சொகுசுக் கப்பலில் நாலு நாள் ஏசி ஓடவில்லை என்று பயணிகள் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்தார்கள். ஒரு உயிர் போகவில்லை. இதற்கெல்லாம் அழுகிறவர்கள் கடலுக்கு வரவே கூடாது.”

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முதலில் அது நாலு நாள் இல்லை, ஐந்து நாள். பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இன்ஜின் அறையில் தீப்பிடித்து, கப்பலில் கரண்ட் போய்விட்டது. 14, வியாழன் இரவு ஒன்பதரை வாக்கில்தான் கப்பல் அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் கட்டப்பட்டது. 10, 11, 12, 13, 14. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

அப்புறம், பிரச்சினை ஏசி இல்லை, கக்கூஸ். 3,143 பயணிகள், 1,086 ஊழியர்கள் இருந்த கப்பலில் பெரும்பாலான கழிப்பறைகள் ஓடவில்லை. கையில் சிவப்புப் பையைக் கொடுத்து இதில் போங்கள் என்றார்கள். நான் 19 வருடமாக வார்டில் நர்ஸ். ஒரு ஷிஃப்ட் தண்ணீர் வராமல் போனால் 30 கட்டில் வார்டு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது மணி நேரத்திலேயே மூத்திர வாடை படிக்கட்டு வரை வந்துவிடும். அதை ஐந்து நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

பழைய_சீஃப் | காலை 9.48

தங்கச்சி, நான் 31 வருடம் இன்ஜின் அறையில் நின்றவன். கப்பலில் நாளை விரலால் எண்ண மாட்டோம், மணியால் எண்ணுவோம். ஞாயிறு காலை ஐந்தரையிலிருந்து வியாழன் இரவு ஒன்பதரை வரை 112 மணி நேரம். வாட்ச் என்றால் கப்பலில் ஒரு முறை வேலை, நாலு மணி நேரம்; அந்தக் கணக்கில் 28 வாட்ச். 24ஆல் வகுத்தால் நாலு நாள், 16 மணி நேரம். ஐந்து என்பது டிவிக்காரர்கள் போட்ட கணக்கு. நான் எழுதியது சரி.

டாய்லெட் ஏன் ஓடவில்லை என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். சொகுசுக் கப்பலில் நம் வீட்டைப் போலத் தொட்டித் தண்ணீர் சாய்ந்து ஓடாது. பம்ப் வைத்து உறிஞ்சுகிற வேக்குவம் அமைப்பு. கரண்ட் போனால் உறிஞ்சல் போய்விடும். எமர்ஜென்சி ஜெனரேட்டர் இருக்கும். அது விளக்கு, ரேடியோ, தீயணைப்பு பம்ப் போன்ற உயிர் காக்கிற சாமான்களுக்கு மட்டும். உயிர் முதலில், வசதி அப்புறம். அதுதான் கடல் சட்டம்.

நாஞ்சில்_தாஸ் | காலை 10.05

சட்டத்தைச் சீஃப் பாதிதான் சொல்கிறார். 2010 ஜூலை முதல் கட்ட ஆரம்பித்த பெரிய பயணிகள் கப்பல்களுக்கு ‘சேஃப் ரிட்டர்ன் டு போர்ட்’ விதி உண்டு. ஒரு இன்ஜின் அறை எரிந்தாலும் இன்னொன்றை வைத்துத் துறைமுகம் திரும்ப வேண்டும், கழிப்பறை உட்பட. ட்ரையம்ப் 1999இல் ஓட ஆரம்பித்த கப்பல் என்பதால் அதற்கு விலக்கு. அதாவது இது நடக்கும் என்று தெரிந்துதான் விதியே மாற்றினார்கள். பழைய கப்பலில் ஏறியவர்கள் மட்டும் சிவப்புப் பையோடு இருக்க வேண்டுமா?

ஐந்து நாள்தான். நானும் எண்ணினேன்.

பழைய_சீஃப் | காலை 10.21

தாஸ் தம்பி வந்தாச்சா. எனக்கு எதிராக எழுத ஒரு இழை கிடைத்தால் போதும் உங்களுக்கு. 112 மணி நேரம். இதில் எங்கே ஐந்து நாள் இருக்கிறது, காட்டுங்கள்.

கயல்_மதுரை | காலை 10.40

அண்ணாச்சி, உங்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியத்தை எப்படி எண்ணுவீர்கள்? இறந்த நாளையும் சேர்த்துத்தானே? யாராவது மணிக்கணக்கு போட்டு 24ஆல் வகுத்தார்களா? மனுஷர் அவதிப்பட்ட ஒவ்வொரு நாளும் நாள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை புகை வாடையில் எழுந்து லைஃப் ஜாக்கெட்டைத் தேடியவருக்கு அது முதல் நாள்.

அண்ணாநகர்_வாசு | காலை 11.02

2015 டிசம்பரில் எங்கள் அடுக்குமாடியில் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. மூன்றாம் மாடிக்கு மழைநீரைப் பிடித்துத் தூக்கினோம். முதல் நாள் எல்லோரும் பக்கத்து வீட்டுக்குச் சோறு கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பால் பாக்கெட் வந்தபோது ஒருவரே பன்னிரண்டு எடுத்துக்கொண்டு போனார். ட்ரையம்ப்பிலும் அதேதான் நடந்தது. சாப்பாட்டு வரிசை மணிக்கணக்கில் நின்றது, கிடைத்தவர்கள் அள்ளிப் பதுக்கினார்கள். எங்களை யாரும் டிவியில் காட்டவில்லை, அந்தப் பயணிகளுக்குக் கம்பெனி கொடுத்த மாதிரி 500 டாலரும் தரவில்லை. நான் சீஃப் பக்கம்.

கயல்_மதுரை | காலை 11.09

வெள்ளத்தில் உங்களுக்கு யாரும் தரவில்லை என்பதற்காக அவர்களுக்கும் தரக்கூடாதா? இது என்ன நியாயம் வாசு சார்?

அண்ணாநகர்_வாசு | காலை 11.12

தரக்கூடாது என்று நான் எங்கே எழுதினேன்? எழுதாததை எழுதியதாகச் சொல்லாதீர்கள்.

செல்வி_ஹூஸ்டன் | காலை 11.30

500 டாலர் மட்டும் இல்லை. டிக்கெட் பணம் முழுவதும், அடுத்த பயணத்துக்குச் சலுகை, பயணச் செலவு எல்லாம் தந்தார்கள். ஆனால் ஒன்று. இவர்கள் கப்பல் ஏறியது டெக்சாஸின் கால்வெஸ்டனில். மெக்சிகோவின் கோசுமெல் போய்விட்டு நாலு நாளில் திரும்ப வேண்டிய பயணம். இறங்கியது அலபாமாவில், வேறு மாநிலத்தில். நடுராத்திரியில் பஸ் ஏற்றினார்கள். அங்கிருந்து கால்வெஸ்டனுக்குப் பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம். கடைசிப் பயணி இறங்கும்போது வெள்ளிக்கிழமை பிறந்துவிட்டது. உங்கள் கணக்குப்படியே ஐந்து நாளைத் தொடவில்லையா சீஃப் சார்?

பழைய_சீஃப் | நண்பகல் 12.15

பஸ் கணக்கு கப்பல் கணக்கு இல்லை. கயிறு கட்டியாச்சு என்றால் கப்பல் கதை முடிந்தது. நாலு நாள், 16 மணி.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். 1998இல் ஒரு மொத்தச் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருந்தேன். பிஸ்கே வளைகுடா. ராத்திரி இரண்டு மணிக்குப் பிளாக்அவுட். இன்ஜின் நின்றதும் வருகிற அமைதி இருக்கிறதே, அதைக் கேட்டவனுக்குத்தான் தெரியும். வருடக்கணக்காகக் காதில் இருந்த இரைச்சல் ஒரே நொடியில் போய்விடும். தண்ணீர் தகட்டில் அறைகிற சத்தம் மட்டும் கேட்கும். கப்பல் அலைக்குக் குறுக்கே திரும்பி உருள ஆரம்பித்தது. கீழே 50 டிகிரி சூடு. வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு ஃபில்டரைக் கழற்றினோம். 14 மணி நேரம். என் பெட்டியில் இருந்த உடன்குடிக் கருப்பட்டியை உடைத்து ஒன்பது பேர் தின்றோம். ஒருவரும் அழவில்லை. எந்த டிவிக்கும் போன் பண்ணவில்லை.

ட்ரையம்ப்பிலும் தீயை அணைத்தது யார்? ஊழியர்கள். அந்தப் பையை எல்லாம் கையால் சேகரித்தது யார்? அவர்கள்தான். இறங்கி வந்த பயணிகளே ஊழியர்களைப் புகழ்ந்தார்கள். அவர்கள் அறையிலும் அதே இருட்டுதான். அவர்களைப் பற்றி இந்த இழையில் ஒரு வரி உண்டா? அழுதவர்கள் கணக்குதான் ஐந்து நாள், ஆறு நாள் என்று ஏறுகிறது.

நாஞ்சில்_தாஸ் | மதியம் 12.40

ஆறு நாள் என்று யாரும் சொல்லவில்லை. ஐந்து.

நீங்கள் சம்பளத்துக்குப் போனீர்கள். அவர்கள் சேர்த்து வைத்த காசில், குழந்தை குட்டியோடு போனார்கள். இரண்டும் ஒன்றா? டயாலிசிஸ் தேவைப்பட்ட ஒரு பயணியைப் பக்கத்தில் வந்த கார்னிவல் லெஜண்ட் கப்பலுக்கு நடுக்கடலில் மாற்றினார்கள். அவரும் கருப்பட்டி தின்றுவிட்டு இருந்திருக்க வேண்டுமா?

அப்புறம் காரணத்துக்கு வாருங்கள். 6ஆம் எண் இன்ஜினின் எரிபொருள் திரும்புகிற குழாயில் கசிவு என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொன்னது. அந்த இன்ஜினுக்குப் பராமரிப்புக் கெடு தாண்டியிருந்தது என்று வழக்கு ஆவணங்களை வைத்து 2013 டிசம்பரில் சிஎன்என் வெளியிட்டது. அதே வழக்கில் கம்பெனி என்ன வாதாடியது தெரியுமா? பாதுகாப்பான பயணத்துக்கோ சுகாதாரமான இடத்துக்கோ டிக்கெட் ஒப்பந்தத்தில் உத்தரவாதம் இல்லை என்று. இதற்கு அழாமல் வேறு எதற்கு அழுவது?

பழைய_சீஃப் | மதியம் 12.58

கசிந்தது ஹோஸ், அதாவது வளைகிற குழாய். கெடு தாண்டியது இன்ஜின் ஓவர்ஹால், அதாவது கழற்றிச் செய்கிற பெரிய பராமரிப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவருக்கு நான் எதைச் சொல்லிப் புரியவைப்பது? 2010 நவம்பரில் இதே கம்பெனியின் ஸ்பிளெண்டர் எரிந்தபோது முன்பக்க இன்ஜின் அறை நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கத்தில் கேபிள் வெந்துபோனதால் மொத்தக் கப்பலும் செத்தது. இழுத்துக்கொண்டு சான் டியாகோ போனார்கள். இதெல்லாம் வடிவமைப்பு விஷயம். நர்ஸும் வக்கீலும் பேசுகிற விஷயம் இல்லை.

கயல்_மதுரை | மதியம் 1.05

நர்ஸ் பேசக்கூடாதா? நடைபாதைக் கம்பளத்தில் கழிவுநீர் ஊறி, கப்பல் சாயும்போதெல்லாம் அது அறைக்குள் வந்தது. மேல்தளத்தில் படுக்கை விரிப்பைக் கூடாரமாகக் கட்டிப் படுத்தார்கள். அந்தக் கம்பளத்தில் ஒரு குழந்தை கை ஊன்றிவிட்டு அதே கையை வாயில் வைத்தால் வயிற்றுப்போக்கில் சுருண்டு வருவது எங்களிடம்தான். உங்கள் கேபிளிடம் இல்லை.

நாஞ்சில்_தாஸ் | மதியம் 1.11

நான் வக்கீலும் இல்லை. ஆனால் 2019இல் நார்வே கடலில் வைக்கிங் ஸ்கை என்ற சொகுசுக் கப்பல் இன்ஜின் நின்று தவித்தபோது இதே சீஃப் என்ன சொன்னார் என்று பழைய இழையில் இருக்கிறது. கடல்நீர் எடுக்கும் வாய் அடைத்திருக்கும் என்று அடித்துச் சொன்னார். டேங்கில் லூப் ஆயில் (இன்ஜினின் மசகு எண்ணெய்) மட்டம் குறைவு என்று நார்வே அதிகாரிகள் சொன்னார்கள். 479 பேரை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். இன்றுவரை சீஃப் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய_சீஃப் | மதியம் 1.19

அதிகாரிகள் வாய் திறப்பதற்கு முன்னால், முதல் நாளே, நான் ஊகமாகச் சொன்னது அது. ஏழு காரணம் எழுதினேன். நாலாவது காரணம் லூப் ஆயில். போய்ப் படியுங்கள்.

நாஞ்சில்_தாஸ் | மதியம் 1.22

படித்தேன். ஐந்துதான் இருக்கிறது. அதில் லூப் ஆயில் இல்லை.

பழைய_சீஃப் | மதியம் 1.25

அழித்திருப்பார்கள்.

மட்டுறுத்துநர் | மதியம் 1.31

இங்கே யாரும் எதையும் அழிக்கவில்லை. தலைப்புக்கு வாருங்கள்.

அண்ணாநகர்_வாசு | மதியம் 1.50

தலைப்பிலேயே தப்பு. ட்ரையம்ஃப் என்று ஆய்தம் போட வேண்டும். ட்ரையம்ப் என்றால் படிக்கிறவனுக்கு வேறு மாதிரி கேட்கும்.

செல்வி_ஹூஸ்டன் | மதியம் 1.58

ஆய்தம் போட்டு எழுதினால்தான் ஃபகரமா? இதைப் போன மாதமே பேசி முடித்தோம் வாசு சார். கப்பலுக்கே இப்போது அந்தப் பெயர் இல்லை. 2019இல் கார்னிவல் சன்ரைஸ் ஆக்கிவிட்டார்கள்.

அண்ணாநகர்_வாசு | மதியம் 2.01

முடிக்கவில்லை. நீங்கள் பதில் எழுதாமல் போய்விட்டீர்கள்.

பழைய_சீஃப் | மதியம் 2.30

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் எங்கேயோ போய்விட்டீர்கள். நாள் கணக்குக்கு ஒரு சாட்சி சொல்கிறேன், அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது. 2012 பிப்ரவரி 27. கோஸ்டா அலெக்ரா கப்பலில் ஜெனரேட்டர் அறையில் தீ, இந்தியப் பெருங்கடலில். ஆயிரத்துச் சொச்சம் பேர். கரண்ட் இல்லை, ஏசி இல்லை. ஒரு பிரெஞ்சு மீன்பிடிப் படகு, சூரை பிடிக்கிற படகு, கயிறு கட்டி சீஷெல்ஸின் மாஹே வரை இழுத்து வந்தது. மார்ச் 1 அன்று சேர்ந்தார்கள். அது லீப் வருடம்; 29 உண்டு. உங்கள் பதினாறாம் நாள் கணக்கில் 27, 28, 29, 1 என்று நாலு நாள். பத்திரிகைகள் என்ன எழுதின? மூன்று நாள்! அதற்கு மூன்று என்றால் இதற்கு நாலு. கணக்கு ஒன்றுதான்.

கயல்_மதுரை | மதியம் 2.44

காலையில் டிவிக்காரர்கள் கணக்கு செல்லாது என்றீர்கள். இப்போது பத்திரிகைக் கணக்கு மட்டும் செல்லுமா?

பழைய_சீஃப் | மதியம் 2.50

செல்லும். அது மணிக்கணக்கோடு ஒத்துப்போகிறது.

அந்தப் படகுக்காரர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தன்னைவிடப் பல மடங்கு பெரிய கப்பலை, கடற்கொள்ளைக்காரர்கள் திரிந்த கடலில், வலையைச் சுருட்டி வைத்துவிட்டு இழுத்தார்கள். அதுதான் கடல்காரன். மொபைல் துறைமுகத்தில் இறங்கும்போது கப்பல் குளியலங்கியை மாட்டிக்கொண்டு கேமராவுக்குக் கை காட்டினார்களே, அவர்களையும் இவர்களையும் நீங்கள் ஒரே தட்டில் வைக்கிறீர்கள்.

செல்வி_ஹூஸ்டன் | மதியம் 3.02

அந்த அங்கியைக் கம்பெனியே இலவசம் என்று அறிவித்தது. மாற்றுத் துணியெல்லாம் நாறிப்போயிருந்தால் வேறு எதைப் போடுவார்கள்? இறங்கியதும் ஒரு பெண் குனிந்து தரையை முத்தமிட்டார். எனக்கு அது நடிப்பாகத் தெரியவில்லை.

பழைய_சீஃப் | மதியம் 3.07

நாலு நாளுக்குத் தரையை முத்தமிட்டால், ஒன்பது மாதம் கழித்துத் தூத்துக்குடியில் இறங்குகிற நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

கயல்_மதுரை | மதியம் 3.09

ஐந்து நாள் அண்ணாச்சி.

பழைய_சீஃப் | மதியம் 3.10

112 மணி நேரம். வகுத்துப் பாருங்கள்.

நாஞ்சில்_தாஸ் | மதியம் 3.12

வைக்கிங் ஸ்கை இழையை இங்கே கொண்டுவந்து ஒட்டட்டுமா? ஐந்து காரணம்தான் இருக்கிறது.

அண்ணாநகர்_வாசு | மதியம் 3.15

செல்வி மேடம் இன்னும் ஆய்தத்துக்குப் பதில் சொல்லவில்லை.

கயல்_மதுரை | மதியம் 3.21

எனக்கு நாலு மணிக்கு ஷிஃப்ட். ராத்திரி பத்துக்கு மேல் வருகிறேன். அதற்குள் அந்த டயாலிசிஸ் பயணியைப் பற்றிச் சீஃப் ஒரு வார்த்தையாவது எழுதியிருக்க வேண்டும். மதியத்திலிருந்து அதை மட்டும் தாண்டித் தாண்டிப் போகிறார்.

பழைய_சீஃப் | மதியம் 3.24

அவரைத்தான் வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்களே. எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். அவருக்கு நாலு நாள்கூட இல்லை.