ஆட்டக்காரர்களின் ஃபவுல் கணக்கை ரெஃப்ரி மனதில் வைத்திருக்க வேண்டுமா?

வணக்கம். கூடைப்பந்துக்கு விசில் ஊதும் அனுபவசாலிகளிடம் ஒரு சந்தேகம். யார் எத்தனை ஃபவுல் செய்திருக்கிறார் என்ற கணக்கை ரெஃப்ரியும் வைத்துக்கொள்ள வேண்டுமா?

ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி அது, மைதான ஓரத்து மேசையில் கணக்கெழுதும் ஸ்கோரரின் வேலை. நாம் ஆட்டக்காரரின் எண்ணை விரலால் காட்டுகிறோம். அவர் ஸ்கோர்ஷீட்டில் குறிக்கிறார்; எத்தனையாவது ஃபவுல் என்று மேசையிலிருந்து அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒருவருக்கு 5 ஆனால் வெளியேற வேண்டும்; அதை நமக்குச் சொல்ல வேண்டியதும் ஸ்கோரர்தான். ஆனால் உள்ளூர்ப் போட்டிகளில் அந்த மேசையில் பெரும்பாலும் புதுப் பையன்களே உட்காருகிறார்கள். கூச்சலுக்கு நடுவே 14-ஐ 15 என்று எழுதிவிட்டால், செய்யாத ஃபவுலுக்கு ஒருவர் வெளியே போக நேரிடும்.

சரி, நானே எண்ணிக்கொள்ளலாம் என்றால் அதிலும் தயக்கம். ஏற்கெனவே 4 ஃபவுல் உள்ளவர், பந்தோடு உள்ளே நுழைபவரின் முன்கையில் தட்டுகிறார். அது 5-வது என்று தெரிந்தால் விசில் அரை நொடி தயங்காதா? முதல் குவார்ட்டரில் ஊதியதைக் கடைசி நிமிடத்திலும் ஊதுவதுதான் நியாயம் என்று உறுதியாக நம்புகிறேன்.

டெக்னிக்கல் ஃபவுல் (மோதலுக்கு அல்ல, நடத்தைக்குத் தருவது) வேறு. ஒருவருக்கு 2 ஆனாலே வெளியேற்றம் என்பதால் அதை மட்டும் கட்டாயம் நினைவில் வைக்கிறேன்.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? டைம்-அவுட்டில் மேசைக்குப் போய், 4 ஆனவர்கள் யார் என்று கேட்பீர்களா? அப்புறம், அதைக் கூட ஊதும் ரெஃப்ரியிடமும் சொல்வீர்களா? பள்ளி, கிளப் எந்த ஆட்டமானாலும் உங்கள் பழக்கத்தை எழுதுங்கள்.