பி.டி. உஷா: பார்த்தவர்களும் அவரைப் பார்த்து ஓட வந்தவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். 1984இல் எட்டாம் வகுப்பு படித்தேன். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா நாலாவதாக வந்த செய்தியை எங்கள் பி.டி. டீச்சர் பேப்பரிலிருந்து வெட்டி, விளையாட்டுச் சாமான் அறைக் கதவில் ஒட்டியிருந்தார். 55.41, 55.42 விநாடி என்ற இரண்டு எண்களின் கீழேயும் சிவப்பு மையில் கோடு. முதல் எண் வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கோஜோகாருவுடையது. இரண்டாவது உஷாவுடையது.

பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த வருடம்தான். அந்தப் பந்தயத்தில் அதிகம் ஓடிப் பழகாத உஷா அரையிறுதியில் 55.54 விநாடியில் முதலாவதாக வந்தார். இறுதியில் ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவர் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே கிளம்பிவிட, எல்லாரும் மறுபடி கோட்டுக்கு வர வேண்டியதாகிவிட்டது. பாய்வதற்கு முறுக்கி வைத்த உடம்பைத் தளர்த்திவிட்டு, திரும்பவும் முறுக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது ஓடியவர்களுக்குத் தெரியும்.

எனக்கு விநாடியில் அந்த நூற்றில் ஒரு பங்கு வித்தியாசம் புரிந்தது ஒன்பதாம் வகுப்பில்தான். மாவட்டப் போட்டி, 200 மீட்டர். சுண்ணாம்புத் தூள் போட்ட கோடு. கடைசி பத்து மீட்டர் வரை நான்தான் முன்னால். தலையை நீட்டினேன், கையைக்கூட நீட்டினேன். பக்கத்துத் தடத்துப் பெண் நெஞ்சைச் சாய்த்து விழுந்தாள். அவளுக்குத்தான் முதல் பரிசு. அழுதுகொண்டு வந்த என்னிடம் டீச்சர் சொன்னது: "கோட்டைத் தொடுறதுல தலையும் கணக்கில்லை, கையும் கணக்கில்லை. நெஞ்சுதான் கணக்கு. உஷாவுக்கும் அதுதான் ஆச்சு." அடுத்த ஒரு மாதம் தினமும் சாயங்காலம் இருபது தடவை, கோட்டுக்கு ஓடி வந்து நெஞ்சைப் போடுவது மட்டும்தான் பயிற்சி. முழங்கால் தோல் உரிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒலிம்பிக் கிராமத்தில் ஒத்துக்கொள்ளும் சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் கடுமாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டதாகவும், கடைசி 35 மீட்டரில் தெம்பு விட்டுப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் உஷா பின்னாளில் சொன்னார். கடுமாங்காய் என்றால், நாம் மாவடு என்கிறோமே, அது மாதிரி. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

*

அக்கா எழுதியது சரி. ஆனால் எல்லாரும் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே நின்றுவிடுவது எனக்கு வருத்தம். நான் பார்த்தது 1989, டெல்லி, ஆசிய தடகளப் போட்டி. அப்போது அங்கே வேலையில் இருந்தேன். ஊர்க்காரப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து நேரு ஸ்டேடியத்துக்குப் போனோம்.

அதற்கு முந்தைய வருடம் சியோல் ஒலிம்பிக்கில் குதிகால் வலியோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறியவர் உஷா. அதே சியோலில் 1986 ஆசிய விளையாட்டில் நாலு தங்கம் வாங்கியதை மறந்துவிட்டு, இனி அவ்வளவுதான் என்று டீக்கடை வரை பேசினார்கள். நானும் கொஞ்சம் நம்பினேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது.

400 மீட்டரில் கடைசி வளைவைத் தாண்டி நேர்த்தடத்துக்கு வந்தபோது நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கமே எழுந்து நின்றது. மற்றவர்களுக்குத் தோள் மேலே ஏறும், கழுத்து இறுகும். உஷாவுக்குத் தோள் கீழேயே இருந்தது, முழங்கால் மட்டும் உயர்ந்துகொண்டே வந்தது. அந்தப் போட்டியில் 200, 400, தடை ஓட்டம், 4x400 ரிலே என நாலு தங்கம், கூடவே இரண்டு வெள்ளி. நாலு வருடத்துக்கு முன் ஜகார்த்தாவில் ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும். ஒரே போட்டியில் எத்தனை தடவை இறங்கி ஓடியிருப்பார் என்று சுற்றுகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பயிற்சியாளர் நம்பியார் அவரைச் சிறுமியாகக் கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் கண்டெடுத்ததும் இதே கதையில்தான் வரும். அதைத் தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

*

நான் நேரில் பார்த்ததில்லை. 1998இல் என் மகளுக்கு ஒன்றரை வயது. நான் ஓடுவதை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஃபுகுவோகாவில் நடந்த ஆசியப் போட்டியில் 34 வயதில், கல்யாணமாகிக் குழந்தையும் பெற்ற பிறகு, உஷா 200லும் 400லும் வெண்கலம் வாங்கினார், 4x100 ரிலேயில் தங்கம். அந்தச் செய்தி வந்த அன்று அம்மாவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் பரணில் இருந்த ஸ்பைக்ஸ் ஷூவை எடுத்தேன். ஆணிகள் துருப்பிடித்திருந்தன. மண்ணெண்ணெய் போட்டு ஊறவைத்து, மறுநாள் காலை ஐந்தரைக்குப் போனேன். இரண்டு சுற்றுதான் முடிந்தது. அதற்கடுத்த நாளும் போனேன்.