58 சிசி மரம் அறுக்கும் மிஷின் (செயின்சா): பாரும் செயினும் புதுசு, ஆனாலும் வெட்டு வளைகிறது. ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றணுமா?

சவுக்குத்தோப்பு:
வணக்கம். 58 சிசி பெட்ரோல் மிஷின், 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் தகடு). பழைய பாரின் நுனிச்சக்கரம் இறுகிவிட்டதால் பார், செயின் இரண்டும் புதிதாக வாங்கினேன். கடையில் "22 இன்ச்" என்று மட்டும்தான் கேட்டேன். செயின் சரியாக ஏறியது, டென்ஷனும் நிற்கிறது. ஆனால் ஓரடி விட்டச் சவுக்கில் இறக்கினால் பாதிக்கு மேல் வெட்டு வளைந்து பார் சிக்குகிறது. கையால் இழுத்தால் ஒரு இடம் இறுக்கம், ஒரு இடம் தொளதொள. ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) பழசுதான். எதை மாற்றுவது?

பட்டறை:
தம்பி, 22 இன்ச் பாரின் நீளம் மட்டும். செயினுக்கு வேண்டியது பிட்ச் (ரிவெட்டுகளின் சராசரி இடைவெளி), கேஜ் (டிரைவ் லிங்கின் கனம்), டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) எண்ணிக்கை. பாரின் அடிப்பக்கத்தில் மூன்றும் பொறித்திருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள்.

செயினை அளந்தும் பாருங்கள். தரையில் நேராக நீட்டி, ஒரு ரிவெட்டில் தொடங்கி 11வது ரிவெட் வரை மையத்துக்கு மையம் அளக்கணும். 82.5 மி.மீ. வந்தால் .325 இன்ச் பிட்ச், 95 வந்தால் 3/8, 93 வந்தால் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த வகை). பக்கத்துப் பக்கத்து ரிவெட் இடைவெளி ஒன்றுபோல் இருக்காது, அதனால் இரண்டே ரிவெட்டை அளந்து முடிவு செய்ய வேண்டாம். பிறகு பாரின் பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்கின் கனத்தை வெர்னியரில் பிடியுங்கள்.

சவுக்குத்தோப்பு:
பாரில் .325, .058, 86 என்று இருக்கிறது. செயின் 82.5 மி.மீ., லிங்க் 86. கனம் 1.3 மி.மீ. ஸ்ப்ராக்கெட்டில் 7 பல், செயின் உட்காரும் இடத்தில் நகம் மாட்டுகிற அளவு குழி.

பட்டறை:
இரண்டு கோளாறும் அதிலேயே தெரிகிறது.

.058 இன்ச் என்றால் 1.5 மி.மீ. உங்கள் செயின் 1.3, அதாவது .050. பிட்ச்சும் எண்ணிக்கையும் ஒத்துப்போனதால் கச்சிதமாக ஏறிவிட்டது, அதனால்தான் சந்தேகமே வரவில்லை. பள்ளத்துக்குள் 0.2 மி.மீ. ஆட்டம் இருக்கிறது. வெட்டும்போது செயின் ஒரு பக்கம் சாயும், வெட்டும் அந்தப் பக்கமே போகும். ஆரகன் கம்பெனிச் செயின் என்றால் டிரைவ் லிங்கிலேயே எண் இருக்கும்: 20 என்றால் .325/.050, 21 என்றால் .325/.058. உங்களுக்கு வேண்டியது 21 வகை, 86 லிங்க்.

ஸ்ப்ராக்கெட் குழி 0.5 மி.மீ. தாண்டினால் மாற்றியே ஆகணும். தேய்ந்த பல்லில் செயின் ஒழுங்காக உட்காராமல் ஏறி இறங்கும், புதுச் செயினும் சீக்கிரம் நீளும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்று கணக்கு வையுங்கள்.

அரம்பிடி:
வெர்னியர் இல்லாதவர்களுக்கு: இரும்பு ஸ்கேலைப் பாரின் பக்கவாட்டில் ஒரு வெட்டும் பல்லோடு சேர்த்து வையுங்கள். பல் பாரைவிட வெளியே நிற்பதால் ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவே சின்ன இடைவெளி தெரியணும். விரலால் தள்ளும்போது செயின் சாய்ந்து அந்த இடைவெளி மறைந்தால், ஒன்று கேஜ் தவறு, அல்லது பாரின் பள்ளம் தேய்ந்து அகன்றிருக்கு.

சவுக்குத்தோப்பு:
மறைகிறது. ஸ்ப்ராக்கெட்டை நானே கழற்றலாமா?

பட்டறை:
தாராளமாக. முதலில் பிரேக்கை விடுவித்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பிரேக் பட்டை அந்த மூடிக்குள் இருக்கிறது. பிரேக் விழுந்த நிலையில் கழற்றினால் திரும்ப கிளட்ச் டிரம் மேல் ஏறாது.

கிளட்ச்சைத் திருப்பும்போது இன்ஜின் சுற்றாமல் நிற்க, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் மேலேறிப் புகைவாயை (புகை வெளியேறும் துளையை) மூடிய பிறகு மெல்லிய நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியாக இரண்டடி நுழையுங்கள், ஒரு முனை வெளியே இருக்கட்டும். புகைவாய் திறந்திருக்கும்போது நுழைத்தால் கயிறு அதில் மாட்டி அறுந்துவிடும். கிளட்ச்சில் இடதுமரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் பலங்கொண்டு அடித்து மரையைக் கெடுத்துவிடாதீர்கள். டிரம்மோடு ஸ்ப்ராக்கெட் வரும். ஊசி பேரிங்கைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, .325, 7 பல் டிரம்மைப் போடுங்கள்.

தென்னங்கீற்று:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கணும். என்னுடையது ஸ்டில் எம்எஸ் 180 மிஷின், 16 இன்ச் பார். கடையில் 56 லிங்க் செயின்தான் இருக்கிறதாம், போடலாமா?

அரம்பிடி:
வேண்டாம். அந்த 16 இன்ச் பாருக்கு 3/8 லோ புரொஃபைல், 55 லிங்க். 56 வேறு மிஷின்களின் 16 இன்ச் பாருக்கு வருவது. போட்டால் ஆரம்பத்திலேயே டென்ஷன் திருகு பாதி தூரம் ஓடிவிடும், செயின் கொஞ்சம் நீண்டதும் இறுக்க இடமே இருக்காது. பாரில் பொறித்த கேஜையும் பாருங்கள், 1.1, 1.3 இரண்டுமே புழக்கத்தில் உண்டு.

சவுக்குத்தோப்பு:
21 வகைச் செயினும் புது டிரம்மும் போட்டாயிற்று. வெட்டு நேராக இறங்குகிறது, இழுத்தால் சுற்று முழுக்க ஒரே இறுக்கம். பார் நுனியை அட்டைக்கு நேரே காட்டி ஓட்டினால் ஆயில் கோடாகத் தெறிக்கிறது. இதற்கு எந்த அரம்?

பட்டறை:
4.8 மி.மீ. உருண்டை அரம். லோ புரொஃபைலுக்கான 4 மி.மீ. அரத்தை இதில் ஓட்டினால் பல் கொக்கியாகிவிடும், மரத்தைப் பிடித்து இழுக்கும். முதல் நாள் ஆறிய பிறகு டென்ஷனை மறுபடி பாருங்கள், பார் நுனியைத் தூக்கிப் பிடித்தபடியே நட்டை இறுக்கணும். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். சூட்டில் இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கி கிராங்க் பேரிங்கைப் பிடித்து இழுக்கும்.