வியூக கேமில் இந்து, சமணம், சீக்கியம்: மாகாணத்துக்கு ஒரு மதம் என்ற அமைப்பு ஓடவில்லை

வரைபடக்காரன் (கேள்வி)

வணக்கம். 1336இல் விஜயநகரத்தோடு தொடங்கி 1801இல் ரஞ்சித் சிங் மகாராஜா ஆவதோடு முடியும் டர்ன் முறை வியூக கேம். கோடோ இன்ஜின், 212 மாகாணங்கள், ஒரு டர்ன் ஒரு ஆண்டு.

மதம் இப்போது இப்படி வேலை செய்கிறது. மாகாணத்துக்கு ஒரு மதம், அரசனுக்கு ஒரு மதம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆண்டுக்கு 2 புள்ளி அதிருப்தி ஏறும். பிரசாரகரை அனுப்பினால் 20 டர்னில் மாகாணம் மதம் மாறும். இந்து அரசுக்கு நிலைத்தன்மை +10. சமண அரசுக்கு வரி +20%, படைவலிமை −30%. சீக்கியம் 1469இல் லாகூர் மாகாணத்தில் தோன்றும். அதைத் தழுவும் அரசுக்குப் படை ஊக்கம் +25%.

ஏஐயை மட்டும் ஆடவிட்டால் ஒவ்வொரு முறையும் 1520 வாக்கிலேயே பஞ்சாபில் சீக்கிய அரசு எழுந்துவிடுகிறது. சமண அரசுகள் 1400ஐத் தாண்டுவதில்லை. விஜயநகரத்துக்குள் மதம் சார்ந்து எதுவுமே நடப்பதில்லை. தென்னிந்தியா முழுக்க ஒரே நிறம். எண்களைத் திருத்தினால் போதுமா, அமைப்பையே மாற்ற வேண்டுமா?

செப்பேடு

எண்களைத் தொட வேண்டாம், அமைப்பை மாற்றுங்கள். மூன்றையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறீர்கள். அந்த அச்சும் ஐரோப்பாவில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் அடித்துக்கொண்டதற்காகச் செய்தது. இந்து சமயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்து அரசியலில் ‘இந்து’ என்ற ஒற்றைப் பெட்டி எதையும் விளக்காது. எந்தக் கோயிலுக்கு, எந்த மடத்துக்கு, எந்தச் சம்பிரதாயத்துக்கு அரசன் கொடுத்தான் என்று பார்த்தால்தான் கதை புரியும். விஜயநகர அரசர்கள் சாசனங்களில் ‘ஸ்ரீ விரூபாக்ஷ’ என்று ஒப்பமிட்டார்கள். மேவாரில் அரசன் ஏகலிங்கஜி. மகாராணா அவருடைய திவான். 1750இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துவிட்டுப் பத்மநாபதாசராக ஆண்டார். பூரியில் தேர் புறப்படும் முன் கஜபதி துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்குவார். நான்கிலும் ஓடுவது ஒரே விதி: நாடு தெய்வத்துடையது, மன்னன் அதன் ஊழியன்.

இதை ‘அரசத் தெய்வம்’ என்று ஒரு இடமாக வையுங்கள். ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒன்று. அது வரைபடத்தில் ஒரு குறிப்பிட்ட கோயில் உள்ள மாகாணத்தோடு கட்டப்பட்டிருக்கட்டும். அந்த மாகாணம் கையில் இருக்கும்வரை வாரிசுச் சண்டைக்கான வாய்ப்பு பாதி. கைவிட்டுப் போனால் அரசுரிமை ஒரே டர்னில் 15 புள்ளி சரியட்டும். மூர்த்தியை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் வழியும் வேண்டும்: ஸ்ரீநாத்ஜி என்ற கிருஷ்ண மூர்த்தியை விரஜத்திலிருந்து (மதுரா வட்டாரம்) கொண்டுவந்து 1672இல் மேவாரின் நாத்வாராவில் எழுந்தருளச் செய்தார்கள். அடைக்கலம் தந்த மேவாருக்குக் கிடைத்த மதிப்பு சிறிதில்லை.

அடுத்தது கொடை. கோயிலை ‘நிலைத்தன்மை +10’ கட்டடமாக வைத்தால் அதன் பொருளாதாரம் முழுக்கக் காணாமல் போகும். விஜயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளைப் பாருங்கள். பணமாக வந்த கொடையைக் கோயில் தன் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் எடுக்கவும் போட்டது. கூடுதலாக விளைந்ததில் தளிகை (தெய்வத்துக்குப் படைக்கும் உணவு) நடந்தது. படைத்த பிரசாதத்தில் கால் பங்கு கொடையாளிக்குப் போகும். அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். கேமில் இதை மூன்று அடியாகப் பிரிக்கலாம். 100 வராகன் கொடை. 5 டர்ன் கழித்து அந்த மாகாணத்தின் விளைச்சல் +3%. அதில் கால் பங்கு, கொடுத்த பிரபுவின் தனிக் கணக்குக்கு. கஜானாவுக்கு விடாதீர்கள். அப்போதுதான் நாயக்கர்களும் தளபதிகளும் ஏன் போட்டி போட்டுக் கொடுத்தார்கள் என்பது விளையாடுபவருக்குத் தானாகப் புரியும்.

இங்கே கட்டாயம் ஒரு பக் வரும். தடை இல்லாவிட்டால் ஏஐ ஒரே கோயிலில் கொட்டிக் கொட்டிப் பொருளாதாரத்தை ஊதிவிடும். இரண்டு தடை வையுங்கள். மாகாணத்தில் ஏரிப் பாசனத்துக்கு ஏற்ற நிலம் தீர்ந்தால் பலன் பூஜ்யம். நிலக்கொடை என்றால் வரி வருவாயில் 1% நிரந்தரமாகக் குறையும், ஏனென்றால் அது இறையிலி (வரியில்லா) நிலம். அதைப் பின்னால் பிடுங்கினால் அதிருப்தி. இந்தக் கடைசி விதி இல்லாமல் கொடை வெறும் முதலீட்டு பட்டனாகிவிடும்.

உள்மோதலுக்கு அசாமைப் பாருங்கள். சங்கரதேவரின் வைணவ மரபில் வந்த மோவாமாரா சத்திரத்தின் (அசாமில் வைணவ மடத்துக்கு அப்படிப் பெயர்) மகந்தர்களை, அதாவது மடத்தலைவர்களை, சிவ சிங்கனின் ஆட்சியில் (1714–1744) அரசி புலேஸ்வரி துர்கா பூசைக்கு வரவழைத்துப் பலி ரத்தத்தை நெற்றியில் இடவைத்தார். கிளர்ச்சி வெடித்தது 1769இல். 1805வரை ஓய்ந்து ஓய்ந்து எரிந்து அகோம் அரசின் முதுகெலும்பை முறித்தது. இரு தரப்புமே உங்கள் கேமில் ‘இந்து’ என்ற ஒரே நிறம். அவமானம் 40 ஆண்டு கழித்து வெடிக்க வேண்டுமென்றால் அதிருப்தி ஆண்டுதோறும் கரைந்துவிடக் கூடாது. சம்பிரதாயத்துக்கு ஒரு ‘மனக்குறை’ மாறி, தானாகக் குறையாதது, தனியே வேண்டும்.

முக்குடை

சமணத்துக்கு வருகிறேன். படைவலிமை −30% என்பதை இன்றே நீக்குங்கள், அது தவறு. சமண நூல்கள் இல்லறத்தாரின் ஹிம்சையை நான்காகப் பிரிக்கின்றன: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, எதிர்த்து நிற்பதில் நேர்வது. இல்லறத்தான் அறவே விட வேண்டியது முதலாவதை மட்டும். கடைசியானது விரோதி ஹிம்சை, தற்காப்பு. முழு அகிம்சை துறவிக்கு. சிரவணபெளகுளாவில் 57 அடி பாகுபலி சிலையை 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிறுவிய சாமுண்டராயர் கங்கர்களின் அமைச்சர், படைத்தலைவரும்கூட. ஹொய்சளர்களின் கங்கராஜாவும் அப்படியே.

உங்கள் காலக்கட்டத்தில் சமண அரசுகள் இல்லாமலும் போகவில்லை. துளுநாட்டில் சௌட்டர், பங்கர், அஜிலர், கார்க்களத்து பைரரசர் எல்லாரும் சமணர்கள். கார்க்களப் பாகுபலி 1432, வேணூர்ப் பாகுபலி 1604. உள்ளாலத்து அப்பக்காவும் கேருசொப்பாவின் சென்னபைராதேவியும் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரை எதிர்த்து நின்ற சமண அரசிகள். சிறிய அரசுகள், விஜயநகரத்துக்கு அடங்கியவை, மிளகு வணிகத்தில் பிழைத்தவை. உங்கள் கேமில் இவை 1400க்குள் அழிவதற்குக் காரணம் மதம் அல்ல. ‘அடங்கிய அரசு’ என்ற நிலையை ஏஐ மதிக்காமல் விழுங்குகிறது. கப்பம் வாங்குவது நேரடி ஆட்சியைவிட லாபமாக இருக்க வேண்டும். மலையும் காடுமான கடற்கரை மாகாணத்தில் நேரடி ஆட்சிச் செலவை 3 மடங்காக்குங்கள், சரியாகிவிடும். துளுநாட்டுக்கு வாரிசு விதியும் வேறு: அளியசந்தானம், அதாவது மருமக்கள் வழி. மகனுக்குப் பட்டம் போகிற மாதிரி ஸ்கிரிப்ட் இருந்தால் அங்கே மட்டும் மாற்ற வேண்டும்.

ஆனால் சமணத்தின் பெரிய பலம் அரசு இல்லாத இடங்களில்தான். சூரத்தின் விர்ஜி வோரா ஆங்கிலக் கம்பெனிக்கே கடன் கொடுத்தவர். முர்ஷிதாபாத்தின் ஃபதே சந்த் 1723இல் முகலாயப் பேரரசரிடமிருந்து ‘ஜகத் சேட்’ பட்டம் பெற்றார். 1757இல் சிராஜ் உத் தௌலாவைக் கவிழ்த்த சதியில் அந்தக் குடும்பமும் இருந்தது. அகமதாபாத் நகைவணிகர் சாந்திதாஸ் கட்டிய சிந்தாமணி பார்சுவநாதர் கோயிலை 1645இல் குஜராத் சுபேதாராக (மாகாண ஆளுநராக) இருந்த ஔரங்கசீப் மசூதியாக்க, 1648இல் ஷாஜகான் அதைத் திருப்பித் தரச் சொல்லி ஆணையிட்டார். ஒரு வணிகரின் சொல் பாதுஷாவிடம் எடுபட்டது ஏன் என்பதைத்தான் கேம் காட்ட வேண்டும்.

ஆக, சமணத்தை மாகாண நிறமாக மட்டும் வைக்காமல் நகரங்களை இணைக்கும் கடன் வலையாகவும் வையுங்கள். எந்த மத அரசனும் அந்த வலையில் கடன் வாங்கலாம். வட்டிக்குப் பதிலாகச் சலுகை கேட்பார்கள்: சத்ருஞ்சய மலைக்குப் போகும் யாத்திரைக்குப் பாதுகாப்பு, பர்யூஷணம் என்ற நோன்பு நாள்களில் உயிர்க்கொலைத் தடை. 1583இல் ஹீரவிஜய சூரி ஃபதேபூர் சிக்ரிக்கு வந்தபின் அக்பர் அப்படி ஒரு தடையைப் பிறப்பித்தார். சலுகை கொடுத்தால் வட்டி 12%இலிருந்து 8%க்கு இறங்கட்டும். கடனை ஏமாற்றினால் வலை அடுத்த நாட்டுக்கு நகரட்டும், எதிரியின் கஜானாவோடு.

1368இன் ஈவண்டையும் விடாதீர்கள். ஸ்ரீவைஷ்ணவர்கள் தங்களுக்கு இடைஞ்சல் செய்வதாகச் சமணர்கள் முதலாம் புக்கரிடம் முறையிட்டார்கள். அவர் சமணர் கையை வைஷ்ணவர் கையில் பிடித்துக் கொடுத்து, இரு தரிசனத்துக்கும் (சமயத்துக்கும்) வேறுபாடில்லை என்றார். ஐந்து வாத்தியமும் கலசமும் சமணருக்கு உண்டு என்று தீர்த்தார். சமணர்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் தர, திருமலைத் தாத்தய்யா அதில் சிரவணபெளகுளாவுக்கு 20 காவலரை அமர்த்தி, மிச்சத்தில் பழுதான ஜினாலயங்களைச் செப்பனிட வேண்டும் என்பது ஏற்பாடு. விளையாடுபவருக்கு மூன்று தேர்வு கொடுங்கள்: புக்கரின் தீர்ப்பு, ஒரு பக்கச் சார்பு, கைகட்டி இருப்பது. முதலாவதற்கு ஆண்டுதோறும் நிர்வாகச் செலவு வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எல்லாரும் அதையே அழுத்துவார்கள்.

ஐந்தாறு

சீக்கியம் 1469இல் தோன்றுகிறது என்று வைத்திருக்கிறீர்கள். அது குரு நானக் பிறந்த ஆண்டு. பிறந்த அன்றே ஒரு மாகாணம் மதம் மாறிவிடாது. 1520களில் கர்தார்பூர்ச் சங்கத்தில் தொடங்குங்கள். ஊக்கம் +25% என்பதையும் எடுத்துவிடுங்கள். ‘போர்க்குடிகள்’ என்று 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் வகுத்த பட்டியலின் வாடை அதில் அடிக்கிறது. சீக்கியருக்கு வலிமை தந்தது அமைப்பு. அந்த அமைப்பு 250 ஆண்டில் நான்கைந்து முறை உருமாறியது. எனவே கட்டங்களாக எழுத வேண்டும்.

முதல் கட்டத்தில் அரசு கிடையாது, படை கிடையாது. குரு அமர்தாஸ் 22 மஞ்சிகளை (சமயப் பணி வட்டங்களை) ஏற்படுத்தினார். பிறகு மசந்துகள் (குருவின் பிரதிநிதிகள்) ஊர் ஊராகத் தஸ்வந்த், அதாவது வருவாயில் பத்தில் ஒரு பங்கு, திரட்டினார்கள். 1604இல் ஆதி கிரந்தம் தொகுக்கப்பட்டது. கேமில் இது நகரங்களில் புள்ளியாகப் பரவும். மாகாண நிறம் மாறக் கூடாது.

1606இல் குரு அர்ஜன் லாகூரில் கொல்லப்பட்டது இரண்டாம் கட்டத்தின் வாசல். குரு ஹர்கோபிந்த் மீரி (உலகியல் அதிகாரம்), பீரி (ஆன்மிக அதிகாரம்) என இரு வாள் தரித்தார்; அமிர்தசரஸில் அகால் தக்த் என்ற அதிகார பீடம் எழுந்தது. இதைத் தேதியால் தூண்டாதீர்கள். லாகூரை ஆளும் அரசு, நகரங்களில் பரவிய இந்தச் சீக்கியப் புள்ளிகளை ஒடுக்கும் முடிவெடுத்தால் தூண்டப்படட்டும். ஒடுக்காமல் விட்டால் முதல் கட்டமே நீடிக்கட்டும். அந்தக் கிளையும் விளையாடத் தக்கதே.

1699இல் ஆனந்த்பூரில் கால்சா, அதாவது தீட்சை பெற்ற சீக்கியரின் அமைப்பு. அதோடு மசந்துகள் நீக்கப்படுகிறார்கள். எனவே கேமில் சில டர்ன்களுக்கு வருவாய் விழ வேண்டும். இந்தச் செலவை யாரும் எழுதுவதே இல்லை. 1710இல் பந்தா சிங் சிர்ஹிந்தைப் பிடித்தார், 1716இல் டெல்லியில் கொல்லப்பட்டார். ஆக, முதல் அரசு ஆறே ஆண்டில் கலைந்தது.

மிஸ்ல் (தனித்தனித் தலைவர்களின் சீக்கியப் படைக்குழு) கட்டம்தான் ஆட்டத்துக்கு மிகச் சுவையானது. 1748இல் இக்குழுக்களின் கூட்டுப் படையாகத் தல் கால்சா. மன்னன் இல்லை. வைசாகிக்கும் தீபாவளிக்கும் அமிர்தசரஸில் சர்பத் கால்சா (பொதுச் சபை) கூடி, குர்மதா என்று தீர்மானம் எடுக்கும். கிராமங்களுக்கு ராக்கி, அதாவது பாதுகாப்பு கொடுத்து, விளைவில் ஐந்தில் ஒரு பங்கு வாங்கினார்கள். 1762 பிப்ரவரியின் பெரும் படுகொலையில் பல்லாயிரம் பேர் மாண்டும், 1764இல் சிர்ஹிந்த், 1765இல் லாகூர் கைக்கு வந்தன. உங்கள் இன்ஜினில் படையில் பெரும்பகுதி அழிந்தால் அந்த அணி ஆட்டத்திலிருந்து நீங்கும் என்ற விதி இருந்தால் இங்கே கேம் பொய்யாகிவிடும். மிஸ்லின் ஆள்பலத்தைத் தலைநகரோடு கட்டாமல் ராக்கி கிராமங்களோடு கட்டுங்கள்.

1799இல் லாகூர், 1801இல் மகாராஜா பட்டம். ரஞ்சித் சிங் காசில் தன் பெயரைப் பொறிக்கவில்லை, குருவின் பெயர்தான். குடிகளில் சீக்கியர் சிறுபான்மை. ஆகவே ‘அரசன் மதம் வேறு, மாகாண மதம் வேறு’ என்ற உங்கள் 2 புள்ளித் தண்டனை அவருடைய அரசைப் பிறந்த ஆண்டிலேயே கவிழ்க்கும்.

மிக முக்கியமானது: பத்துக் குருமார்களையும் தளபதி அட்டையாக, எண் மதிப்போடு, பகடையில் சாகக்கூடியவர்களாக வைக்காதீர்கள். முகம் வரைந்து அனிமேட் செய்யவும் வேண்டாம். அது மனதைப் புண்படுத்தும், நியாயமாகவே. பெயரும் நிகழ்வும் எழுத்தில் வந்தால் போதும்.

வரைபடக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. பிரசாரகர் பட்டனை எடுத்தாயிற்று. இரண்டு சந்தேகம். மாகாணத்தில் மதங்களைச் சதவீதமாக, கூட்டுத்தொகை 100 வரும்படி சேமிக்கலாமா? ஐகானாக ஓம், சமணக் கை, கண்டா (சீக்கியரின் வாள் சின்னம்) மூன்றும் வரைந்து வைத்திருக்கிறேன், சரியா?

செப்பேடு

100 கட்டாயம் வேண்டாம். பஞ்சாபில் ஒரே வீட்டில் ஒரு மகன் கால்சா, மற்றவர்கள் கேசம் வைக்காத சகஜ்தாரிகள். குஜராத்தில் ஒரே வணிகச் சாதிக்குள் சமணரும் வைணவரும் பெண் கொடுத்து எடுத்தார்கள். ஒவ்வொரு மரபுக்கும் 0 முதல் 100 வரை தனித்தனியாகச் ‘செல்வாக்கு’ வையுங்கள். 212 மாகாணம், 12 மரபு என்றால் 2,544 எண்கள்தான். சேமிப்புக் கோப்புக்குச் சுமையில்லை. சதவீதமாக வைத்தால் ஒன்று ஏறும்போது மற்றொன்று தானாக இறங்கும். எடுத்துவிட்ட மதமாற்றப் போட்டி பின்வாசல் வழியாக வந்துவிடும்.

முக்குடை

ஐகானில் இரண்டைக் கட்டாயம் மாற்றணும். உள்ளங்கை கொண்ட சமணச் சின்னம் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி 1974–75இல் ஏற்றது. கண்டாவின் இப்போதைய வடிவமும் 20ஆம் நூற்றாண்டினது. சமணத்துக்கு முக்குடை வரையலாம். தீர்த்தங்கரர் தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடை, சித்தன்னவாசலிலிருந்து குஜராத்வரை எங்கும் உண்டு. 24 பிக்சலிலும் தெளிவாகத் தெரியும். ஸ்வஸ்திகம் சமணருக்கு உரியதுதான், ஆனாலும் வெளிநாட்டுக் கடைகளில் கேமை ஏற்றும்போது தடங்கல் வரலாம். இந்து பக்கத்துக்கு ஒரே ஐகானே வேண்டாம், வம்ச முத்திரை போதும்: விஜயநகரத்துக்கு வராகம், வாள், சூரியன், சந்திரன்.

ஐந்தாறு

சீக்கியத்துக்கும் கட்டத்துக்கு ஒரு ஐகான் வையுங்கள். முதலில் வெறும் ஏடு. இரண்டாம் கட்டத்தில் இரு வாள். மிஸ்ல் கட்டத்தில் கொடிக்கம்பம். 1765க்குப் பின் லாகூர் நாணயம். கட்டம் மாறியது வரைபடத்திலேயே தெரியும், தனியாக அறிவிப்புப் பெட்டி தேவைப்படாது.